சரிபாதித் தோல்வி

இளைஞர்கள் கையடக்கத் தொலைபேசியிலும் கணினியிலும் ஆடும் மாயப்போர் விளையாட்டைப் பற்றி ஓர் ஆசிரியன் எழுதலாமா என்று பெற்றோர் சிலர் முகம் சுளிக்கக்கூடும். பிள்ளைகளின் மனம் எங்கே இருக்கிறதோ அங்கிருந்தே பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பது ஆசிரியத் தொழிலின் பழைய விதி. இன்று எத்தனையோ பிள்ளைகளின் மனம் அந்தப் போர்க்களத்தில்தான் இருக்கிறது. ஆகவே நாமும் இவ்வாரம் அங்கே சிறிது போய் வருவோம்.

சவளக்கடையில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் அண்மையில் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "சேர், ஒரு வருடமாக ஆடி வருகிறேன். பத்துப் போரில் ஐந்தில் தோற்கிறேன். ஆறு மாதத்துக்கு முன்னும் ஐந்துதான், இன்றைக்கும் ஐந்துதான். இன்னும் எத்தனை மணித்தியாலம் ஆடினால் இந்தத் தோல்வி குறையும்?" என்றான் அவன். இதைச் சோம்பேறியின் கேள்வி என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. ஓராண்டு உழைத்தும் பயன் காணவில்லையே என்று ஏங்குபவனின் கேள்வி அது. கேள்வி கணக்கிலே பிறந்தது; விடையும் கணக்கிலேதான் தொடங்குகிறது.

முதலில், இவ்விளையாட்டை அறியாத பெரியோருக்காகச் சில வார்த்தைகள். 1978ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா, ரிச்சட் பார்ட்டில் என்னும் இரு மாணவர்கள், பலர் ஒரே நேரத்தில் புகுந்து உலாவத்தக்க கற்பனை உலகம் ஒன்றைக் கணினியில் அமைத்தனர். படம் இல்லை, ஓசை இல்லை. எல்லாம் எழுத்து மயம். அந்த விதை பின்னர் பெருமரமாயிற்று. 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் இலட்சக்கணக்கானோர் வீரனாகவும் மந்திரவாதியாகவும் வைத்தியனாகவும் வேடம் பூண்டு உலாவினர். 2007இல் அதிலே தனிப் போரரங்குகள் வந்தன. இருவருக்கு இருவர், மூவருக்கு மூவர் என மனிதனும் மனிதனும் மோதும் களங்கள் அவை. ஐவருக்கு ஐவராக ஆடப்படும் 'டோட்டா' போன்ற விளையாட்டுகளும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே.

இயந்திரப் பூதத்தை வெல்வது ஒன்று. மனிதனை வெல்வது வேறொன்று. பூதம் நேற்றுச் செய்ததையே இன்றும் செய்யும். அதன் வழக்கத்தை மனனம் செய்துவிட்டால் போதும். மனிதனோ நம்மைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வான். எங்கோ ஓர் ஊரில் இருந்துகொண்டு அவனும் நம்மைப் போலவே சிந்திக்கிறான், அஞ்சுகிறான், ஆசைப்படுகிறான். இப்போரின் சுவை அதில்தான் இருக்கிறது. இதன் கடினமும் அதுவே.

இனிக் கணக்குக்கு வருவோம். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகவியல் கற்பித்த ஆர்பாட் எலோ என்னும் பேராசிரியர், சதுரங்க வீரர்களின் ஆற்றலைப் புள்ளிகளால் அளக்கும் முறையொன்றை வகுத்தார். சர்வதேச சதுரங்கச் சம்மேளனம் 1970இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி, ஒருவன் மற்றவனைவிட 200 புள்ளி மேலானவனாயின், நூறு ஆட்டத்தில் ஏறத்தாழ 76 பங்கு வெற்றியை எதிர்பார்க்கலாம். 400 புள்ளி மேலானவனாயின் 91 பங்கு. இருவரும் சமமாயின் சரிபாதி.

இணையவழிப் போர் விளையாட்டுகளும் இம்முறையையோ, இதன் வழிவந்த வேறொரு முறையையோ கையாண்டு, ஒத்த ஆற்றலுடையோரை எதிரெதிரே நிறுத்துகின்றன. வென்றால் புள்ளி ஏறும். புள்ளி ஏறினால், அடுத்து எதிரில் வருபவன் முன்னவனிலும் வல்லவனாக இருப்பான். ஆகவே, ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவனும் ஏறத்தாழப் பாதி தோற்கிறான். நடுப்படியில் நிற்பவனும் பாதி தோற்கிறான். உச்சியிலே நிற்கும் ஒரு சிலரைத் தவிர, எவ்வளவு முன்னேறினாலும் சரிபாதித் தோல்வி நம்மைத் தொடர்ந்தே வரும். அம்மாணவன் ஓராண்டாக ஒரே இடத்தில் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னர் அவனைத் தோற்கடித்தவர்கள் வேறு. இன்று தோற்கடிப்பவர்கள் வேறு. எத்தனை முறை தோற்றேன் என்று பார்ப்பவனுக்கு அவன் ஏறிய உயரம் தெரிவதில்லை. யாரிடம் தோற்றேன் என்று பார்ப்பவனுக்கே தெரியும்.

உலகச் சம்பியனுக்கும் தோல்வியில் விலக்கு இல்லை. 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் நடந்த போட்டியில், சென்னையைச் சேர்ந்த குகேஷ் சீனாவின் டிங் லிரெனை வென்று, தமது 18ஆவது வயதில் உலகச் சதுரங்கச் சம்பியனானார். பதினான்கு ஆட்டங்களில் அவர் வென்றவை மூன்று, தோற்றவை இரண்டு, மற்ற ஒன்பதும் சமநிலை. முதல் ஆட்டத்திலேயே, அதுவும் வெள்ளைக் காய்களுடன் ஆடித் தோற்றார். பன்னிரண்டாம் ஆட்டத்திலும் தோற்றார். இரண்டு ஆட்டங்கள் மாத்திரம் எஞ்சியிருக்க, இருவரும் சமமாக நின்றனர். பதினான்காம் ஆட்டமும் சமநிலையில் முடியும் என்று பலரும் எண்ணிய வேளையில், அவர் சலியாமல் எதிராளிக்கு வினாவுக்குமேல் வினா விடுத்துக்கொண்டே இருந்தார். டிங்கின் 55ஆவது நகர்த்தலில் பிழை நேர்ந்தது. முதல் நாள் தோல்வியை மனத்தில் சுமந்துகொண்டே இருந்தவராயின், பதினான்காம் நாள் அந்தப் பொறுமை வந்திருக்குமா?

தோல்வி ஒழியாது என்றால் முன்னேறுவது எங்ஙனம்? விரல் வேகத்தால் என்பது இளைஞர் பலரின் எண்ணம். 2019 ஏப்ரலில், டோட்டா 2 விளையாட்டில் அப்போதைய உலகச் சம்பியன்களாகிய 'ஓஜி' அணியினரை, 'ஓப்பன் ஏஐ ஃபைவ்' என்னும் கணினி அணி அடுத்தடுத்து இரு ஆட்டங்களில் தோற்கடித்தது. இயந்திரமாதலால் மின்னல் வேகத்தில் வென்றிருக்கும் என்று கருதிவிட வேண்டாம். மனிதருக்கு நிகராக இருக்க வேண்டும் என்று, ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்கு கழிந்த பின்னரே அது எதற்கும் எதிர்வினை செய்யும்படி அமைத்திருந்தார்கள். எப்போது தாக்குவது, எப்போது பின்வாங்குவது, எதை விட்டுக்கொடுப்பது என்னும் தீர்மானங்களிலேதான் அது மேம்பட்டு நின்றது.

இன்னொரு சான்று, என்னை ஒத்த வயதினருக்கு மகிழ்ச்சி தரக்கூடியது. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் கணினி விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. 'ஸ்ட்ரீட் ஃபைட்டர்' என்னும் நேருக்கு நேர் மோதும் விளையாட்டில் தங்கம் வென்ற தென்கொரியரான கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. விரல் வேகமே வெற்றியைத் தருமாயின், நாற்பதைக் கடந்த ஒருவர் அந்த மேடையில் ஏறியிருக்க மாட்டார்.

எதை அறிந்தவன் வெல்கிறான்? இதற்கு விடை தேட நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்ற எண்களில் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசர்க்கு வகுத்த அம்மூன்று தலைப்புகளும் இம்மாயப் போருக்கும் அப்படியே பொருந்தும்.

முதலாவது வலி. இவ்விளையாட்டுகளில் எல்லாரையும் வெல்லும் வேடம் என்று ஒன்று இல்லை. தூரத்தில் நின்று நெருப்பை ஏவும் மந்திரவாதி, எதிரி அருகில் வந்துவிட்டால் தடுமாறுவான். இரும்புக் கவசம் பூண்டவன் தூரத்தில் நிற்பவனைத் தொட முடியாமல் திண்டாடுவான். எந்த வேடத்தாரிடம் நாம் அடிக்கடி தோற்கிறோமோ அந்த வேடத்தை ஒரு வாரம் நாமே பூண்டு ஆடிப் பார்ப்பதுதான் இங்கே நல்ல வழி. அவனுக்கு எது வலிக்கும், எதை அவன் அஞ்சுவான் என்பது அப்போது விளங்கும். எதிரியின் சட்டைக்குள் புகுந்து பார்த்தவனுக்கு எதிரியின் மேல் உள்ள கோபமும் பாதி குறைந்துவிடும்.

இரண்டாவது காலம். ஒரு பெரிய மந்திரத்தை ஏவிவிட்டால், அது மறுபடி ஆயத்தமாகச் சில நொடிகளோ நிமிடங்களோ செல்லும். கட்டுண்டவன் தன்னை விடுவித்துக்கொள்ளும் பதக்கம் ஒன்று வோர்கிராஃப்டில் உண்டு. ஒருமுறை பயன்படுத்தினால் மீண்டும் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும். சிறு தாக்குதலுக்கு அஞ்சி அதைச் செலவிட்டுவிட்டவன், பின்னால் வரும் பெருந்தாக்குதலுக்குத் தப்ப முடியாது. தேர்ந்த வீரன் தன் கையில் எஞ்சியிருப்பதை அறிவதோடு, எதிரி எதைச் செலவிட்டான் என்றும் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருப்பான். எதிரியின் கை வெறுங்கையாகும் அந்தச் சில நொடிகளே அவனுக்கு முகூர்த்தம்.

மூன்றாவது இடம். போரரங்கிலே தூண்கள் நிற்கும். கண்ணுக்குத் தெரியாதவன்மேல் மந்திரம் பாயாது. தூணின் மறைவில் ஓர் அடி நகர்ந்து நின்றால் எதிரியின் பெருமந்திரம் வீணாகிப் போகும். புதியவன் எதிரியையே பார்க்கிறான். தேர்ந்தவன் எதிரியையும் தூணையும் சேர்த்துப் பார்க்கிறான். மாரி காலத்தில் கிட்டங்கித் தாம்போதியின் மேல் வெள்ளம் பாயும்போது நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? வேகமாக ஓட்டுபவன் கடந்துவிடுகிறானா? எங்கே ஆழம், எப்போது நீர் வடியும், தன் வண்டி எவ்வளவு தாங்கும் என்று அறிந்தவனே கரை சேருகிறான். வலியும் காலமும் இடமும் அங்கேயும் உண்டு.

இம்மூன்றையும் கற்றுக்கொள்வது எப்படி? மேலே சொன்ன கணினி அணி தனக்குத்தானே எதிராக ஆடி, மனிதக் கணக்கில் சுமார் 45,000 ஆண்டு ஆட்டத்தைப் பத்து மாதத்தில் முடித்துப் பழகியது. மணித்தியாலத்தைக் குவித்துக் கற்பது இயந்திரத்தின் வழி. மனிதனுக்கு அத்தனை ஆயுள் இல்லை. அவன் சிலவற்றை ஆடி, அவற்றைச் சிந்தித்தே கற்க வேண்டும்.

அண்டர்ஸ் எரிக்சன் என்னும் உளவியலறிஞரும் அவருடைய துணைவர்களும் பேர்லினில் வயலின் கற்ற மாணவர்களை ஆராய்ந்து 1993இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அங்கே சிறந்து விளங்கியவர்கள் தனிமையில் அதிகம் பயின்றவர்கள். எனினும் ஒரு தடவை அமர்ந்தால் பெரும்பாலும் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீட்டுவதில்லை. வெறுமனே வாசித்துக்கொண்டிருக்காமல், தம் குறை ஒன்றைக் குறிவைத்துப் பயின்றனர். மற்றவர்களைவிட அதிகம் உறங்கினர். பகலிலும் சிறிது கண்ணயர்ந்தனர். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து ஆடுகிறவன், வீட்டாரின் சொல்லை மாத்திரமா மீறுகிறான்? தான் விரும்பும் வெற்றிக்கே அவன் உலை வைக்கிறான்.

ஆகவே என் யோசனை இது. பத்துப் போர் ஆடுகிற நேரத்தில் ஐந்து ஆடு. மிச்ச நேரத்தில், தோற்ற போர் ஒன்றின் பதிவைத் திரும்பப் பார். நீ வீழ்ந்த கணத்தைப் பார்த்துப் பயனில்லை. அதற்கு அரை நிமிடம் முந்தியதைப் பார். பதக்கத்தை எப்போது வீணாக்கினாய்? தூணை விட்டு ஏன் அகன்றாய்? தோல்வியின் விதை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். ஒரு கொப்பியில் ஒரு தோல்விக்கு ஒரு வரி எழுதிவை. வார இறுதியில் வாசித்தால் ஒரே குறை மூன்று நான்கு தடவை தலைகாட்டியிருக்கும். அடுத்த வாரம் அந்த ஒன்றை மாத்திரம் திருத்து. அடுத்தடுத்து இரண்டு தோல்வி வந்து சினம் மூண்டால், அன்றைக்கு ஆட்டத்தை மூடிவிடு. சினத்தோடு ஆடும் மூன்றாவது ஆட்டத்தில் எதிரிகள் இருவர். அவர்களில் ஒருவன் நீயே.

இது நம் மண்ணுக்குப் புதிய பாடமன்று. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் சீனடி, சிலம்படி ஆகிய வித்தைகள் தலைமுறை தலைமுறையாகப் பயிலப்பட்டு வந்திருக்கின்றன. கம்பைக் கையில் எடுத்தவுடனே எதிராளியின் முன் நிறுத்திவிடும் வழக்கம் அங்கே இல்லை. முதலில் காலடி, பிறகு கம்பு சுற்றல், அதன் பின்னரே எதிராளி. களத்தில் இறங்கியதும் ஆசானுக்கும் சபைக்கும் எதிராளிக்கும் மரியாதை செலுத்துவது கட்டாயம். அடிக்கப் பழகுவதற்கு முன் அடங்கப் பழகு என்பதே அதன் தாற்பரியம்.

தோற்றவர்கள் வழக்கமாகச் சொல்லும் சாட்டு ஒன்றையும் பார்ப்போம். "இணைய வேகம் போதாது, அதனால்தான் தோற்றேன்." ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்! இதிலும் கணக்குப் போடலாம். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடும். போய்வர, ஒரு நொடியை ஆயிரம் கூறாக்கினால் 27 கூறு போதும். கம்பி நேர்கோட்டில் கிடப்பதில்லையாதலாலும், வழியில் இயந்திரங்கள் பல நிற்பதாலும் உண்மையில் இதைவிடக் கூடும். இருப்பினும், கண்ணால் கண்டதும் விரலை அசைக்க மனிதனுக்கே ஏறத்தாழ 200 முதல் 250 கூறு செல்கிறது. ஒரே சீரான சிறு தாமதத்துக்குக் கை தானாகவே பழகிவிடும். விட்டு விட்டு அறுந்துபோகும் இணைப்பு மெய்யான இடர்தான். அத்தகைய நாளில் போர் ஆடாதிருப்பதே விவேகம்.

பெற்றோருக்கும் இரண்டு வார்த்தைகள். சில விளையாட்டுகளில் வைரம் என்றும் பொற்காசு என்றும் பெயர் சூட்டி வலிமையை விலைக்கு விற்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளையும் காசுக்குக் கொடுக்கிறார்கள். இத்தகைய பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று பெல்ஜியம் 2018இல் தீர்மானித்தது. தகப்பன் வயலில் வியர்வை சிந்தித் தேடிய பணத்தால் வாங்கிய வெற்றியில் பிள்ளை கற்பது யாது? ஆற்றலை வளர்க்க வந்தவன் அதை வாங்கத் தொடங்கும் இடத்தில், விளையாட்டு முடிந்து வியாபாரம் தொடங்கிவிடுகிறது.

விளையாடுகிற பிள்ளை ஒவ்வொன்றும் நோயாளி அன்று. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஏற்று, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் சேர்க்கப்பட்டது மெய்யே. ஆனால் அதன் அடையாளங்கள் தெளிவானவை. ஆட்டத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைக்க இயலாமை, மற்ற எல்லாக் காரியங்களிலும் அதுவே முதன்மையாதல், கெடுதி கண்டும் நிறுத்த முடியாமை. இவை பொதுவாகப் பன்னிரண்டு மாதமளவில் நீடித்திருக்க வேண்டும். அவ்வாறாயின் வைத்தியரை நாடுக. இல்லையாயின், தொலைபேசியைப் பறித்து ஒளிப்பதைவிட, அருகில் அமர்ந்து, "மகனே, இன்றைக்கு ஏன் தோற்றாய்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். தோற்ற இரவில் தாயிடம் எரிந்து விழுகிற பிள்ளைக்கு, தன் தோல்வியைச் சொல்லி ஆறுவதற்கு வீட்டில் ஒருவர் தேவை. சொல்லத் தொடங்கிவிட்டானாயின் அவன் சிந்திக்கவும் தொடங்கிவிட்டான்.

களத்திலே எதிராளிக்கு முகம் இல்லை. வேடமும் புனைபெயரும் மாத்திரமே உண்டு. ஐவர் அணியில் ஒருவன் மருதமுனையானாக இருக்கலாம், ஒருவன் நாவிதன்வெளியான், இன்னொருவன் அம்பாறையில் சிங்களத் தாயின் மகன். காயம்பட்டவனைக் காக்க ஓடும்போது அவன் எந்த இனத்தான் என்று எவரும் கேட்பதில்லை. தோற்றபின் மாத்திரம் வாய்க்கு வந்தபடி இனத்தையும் சமயத்தையும் இழுத்து ஏசுவோர் உளர். நம் ஊர்கள் அத்தகைய சொற்களுக்குக் கொடுத்த விலை போதும். போர் முடிந்ததும் "நல்ல ஆட்டம்" என்று சொல்லிப் பிரிவது வீரனுக்கு அழகு; தோற்றபோது அதைச் சொல்வது இன்னும் பேரழகு.

மாணவர்களே, சரிபாதித் தோல்வி விளையாட்டோடு நிற்பதன்று. ஊர்ப் பாடசாலையில் முதலாவதாக வந்தவன், பல்கலைக்கழகத்துக்குப் போனதும் எத்தனையோ ஊர்களின் முதலாமவர்களுக்கு நடுவே சாதாரணமானவனாக நிற்பான். தன் அறிவு குறைந்துவிட்டது என்று அப்போது மனம் உடைகிறவர்கள் பலர். அறிவு குறையவில்லை, ஏணியில் படி மாறியிருக்கிறது, அவ்வளவே. தனக்கு நிகரானவர்களிடையே நிற்கும் காலமெல்லாம் மனிதன் பாதி வெல்வான், பாதி தோற்பான். வென்ற பாதி இன்பத்தைத் தரும்; தோற்ற பாதியோ அடுத்த படியைக் காட்டும். ஒரு தடவையும் தோற்காதிருக்க விரும்புவோருக்கும் வழி உண்டு. தம்மிலும் எளியவர்களோடு மாத்திரமே வாழ்நாள் முழுவதும் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஆடுகிறவன் நின்ற படியிலேயே நிற்பான்.